சிவப்பு எழுத்தில் நிற்கும் பெயர்கள்

காலை பத்தரை மணி இருக்கும். ஆறு மாணவிகளுக்கு விக்கிப்பீடியாவில் கணக்குத் திறந்தாயிற்று. ஏழாவது மாணவி கையைத் தூக்கினாள். "அக்கா, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது." பக்கத்து இருக்கைக்காரிக்கும் வரவில்லை, அதற்கடுத்தவளுக்கும் வரவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த ஒருத்தி, "நம்மளுக்குத்தான் எங்கயும் இடமில்லையே, இங்கயுமா?" என்று சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு.

நாகை மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் கணினி அறை அது. வந்திருந்தவர்கள் 24 பேர். அனைவரும் ஒரே வைஃபையில் இருந்தார்கள். விஷமிகள் கூட்டமாக வந்து போலிக் கணக்குகளைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்கலாம் என்று விக்கிப்பீடியாவில் ஒரு வரம்பு உண்டு. அது சாதி பார்த்து வைத்ததல்ல. முதல் நாளே வீட்டில் கணக்குத் திறந்துகொண்டு வரச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இப்படி ஒரு கூட்டம் நடத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே விக்கிப்பீடியர்களிடம் சொன்னால் அவர்களே திறந்துகொடுக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்யாமல் போனது ஏற்பாடு செய்த எங்கள் தவறு.

"சரி, அவங்கவங்க போன்ல டேட்டாவை ஆன் பண்ணுங்க" என்றேன். அப்போதுதான் அடுத்த செய்தி தெரிந்தது. மீதமிருந்த பதினெட்டுப் பேரில் பாதிப் பேரிடம் சொந்தமாகப் போன் இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அது அண்ணன் கையிலோ அப்பா கையிலோ இருக்கும். பெண்களின் வரலாற்றை எழுத வந்த இடத்தில் பெண்களின் நிகழ்காலம் இப்படித்தான் எங்களை வரவேற்றது. இருந்த போன்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் கணக்குத் திறந்து முடித்தோம்.

நாங்கள் கூடியது ஒரு தொடர்தொகுப்புக்காக. பலர் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரே பொருள் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவது, இருக்கும் கட்டுரையைத் திருத்துவது, சான்று சேர்ப்பது, இதற்குத்தான் தமிழ் விக்கிப்பீடியர்கள் இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழுக்கு 2003இல் வந்தது. இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. இவற்றை எழுதியவர்கள் சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு அல்ல. பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள் எனப் பலர். 'தொகு' என்ற பொத்தானை அழுத்தத் தெரிந்த எவரும் எழுதலாம்.

எவரும் எழுதலாம் என்பது வேறு, எவர் எழுதுகிறார்கள் என்பது வேறு. ஊர்க்குளத்தில் யாரும் குளிக்கலாம் என்று சட்டம் சொல்வதற்கும், எந்தத் துறையில் யார் இறங்குகிறார்கள் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். விக்கிப்பீடியாவில் எழுதுவோரில் பெண்கள் பத்துக்கு ஒருவரோ இருவரோதான் என்று அவர்களே எடுத்த கணக்கெடுப்புகள் சொல்லி வந்திருக்கின்றன. எழுதுகிறவர்கள் ஆண்களாக இருந்தால் எழுதப்படுகிறவர்களும் ஆண்களாகவே இருப்பார்கள். 2015 வாக்கில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறக்குறைய 15 விழுக்காடு. அந்த ஆண்டு 'சிவப்பில் பெண்கள்' என்ற பொருளில் ஒரு குழு தொடங்கியது. விக்கிப்பீடியாவில் ஒரு பெயருக்குப் பக்கம் இருந்தால் அந்தப் பெயர் நீல எழுத்தில் தெரியும், பக்கம் இல்லையென்றால் சிவப்பில் தெரியும். சிவப்பில் நிற்கும் பெண்களின் பெயர்களை நீலமாக்குவதே அந்தக் குழுவின் வேலை. அதற்கு ஓராண்டு முன்பு, 2014இல், நியூயார்க்கில் பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுவதற்காக 'ஆர்ட் அண்ட் ஃபெமினிசம்' என்ற பெயரில் கூடினார்கள். அது ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் எழுதியும் அந்த 15 இப்போதுதான் 20ஐ ஒட்டி வந்திருக்கிறது.

2018 அக்டோபரில் கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு இயற்பியலில் நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்தப் பரிசின் வரலாற்றில் அவர் மூன்றாவது பெண். அன்று காலை வரை அவருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் கிடையாது. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்த வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பப்பட்டிருந்தது. மாணவிகளிடம் இதைச் சொன்னபோது வாய்பிளந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் வைத்திருந்த ஒரு விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், நடவு வயலில் நின்று கூலி கேட்ட நம் பெண்களுக்கு?

"இதெல்லாம் யாருக்கா படிக்கிறா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். மேடைப் பேச்சுக்குக் குறிப்பெடுக்கும் ஆசிரியர்கள் படிக்கிறார்கள். செய்தியாளர்களும் படிக்கிறார்கள். இன்று போனில் ஒரு பெயரைத் தேடினால் மேலே பெட்டி கட்டி வருகிறதே, அதற்குள் இருப்பதும் பல நேரம் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவு எந்திரங்களும் அதைப் படித்து வளர்ந்தவையே. அங்கே இல்லாத பெயர் இந்த எல்லா இடத்திலும் இல்லாமல் போகிறது.

எங்கள் தொடர்தொகுப்புக்கு ஏப்ரலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 11 ஜோதிராவ் புலே பிறந்த நாள், 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். தலித் பெண்கள் முன்னின்று, அந்த மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாக நடத்திவருகிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பிப்ரவரியைத் தங்கள் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவதைப் பார்த்து எழுந்த யோசனை அது. சிலை திறப்பும் மாலையும் அன்னதானமும் நடக்கட்டும். அதோடு கூட, நமக்கென்று ஒரு பக்கம் எழுதும் வேலையையும் அந்த மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

யாரைப் பற்றி எழுதுவது? கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாணவிகளிடம் ஒரு தாள் கொடுத்து, தெரிந்த தலித் பெண் தலைவர்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் இரண்டு பெயர்களுக்கு மேல் இல்லை. ஒரு தாளில் ரமாபாய் அம்பேத்கர் மட்டும் இருந்தார். ஒரு தாள் வெறுமையாக வந்தது, கீழே "மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பிறகு நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். ரங்கூனில் 1904இல் பிறந்த மீனாம்பாள் சிவராஜ். அங்கே பெருவணிகராக இருந்த மதுரைப் பிள்ளையின் பேத்தி. 1944இல் சென்னையில் அம்பேத்கர் கலந்துகொண்ட பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அடுத்து தாட்சாயணி வேலாயுதன். எர்ணாகுளத்தை ஒட்டிய முளவுகாட்டில் 1912இல் பிறந்தவர். இந்திய அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒரே தலித் பெண். கேரளத்துக்காரர் என்றாலும் அந்தச் சபைக்கு அவர் தேர்வானது சென்னை மாகாணத்திலிருந்துதான். சத்தியவாணி முத்து. தி.மு.க.வின் தொடக்க காலத் தலைவர்களில் ஒருவர், அமைச்சர். 1974இல் கட்சியை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் மத்திய அமைச்சரானார்.

வெளியூர்ப் பெயர்களும் வந்தன. 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்த சுலோசனாபாய் டோங்ரே. இருபதாயிரம் பெண்களுக்கு மேல் திரண்ட மாநாடு அது. மணவிலக்கு உரிமையும், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பும் அங்கே தீர்மானங்களாக வந்தன. மகாராட்டிரத்தில் மாங் சாதியில் பிறந்த முக்தா சால்வே என்ற சிறுமி. புலே தம்பதியரின் பள்ளியில் படித்தவள். மாங், மகர் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளியானது. அப்போது அவளுக்கு வயது 14 என்பார்கள். வெறும் தாள் கொடுத்த அந்த மாணவி, "இவளை நான் எடுத்துக்கிறேன் அக்கா" என்றாள்.

இந்தப் பெண்களில் சிலருக்கு ஏற்கெனவே பக்கம் உண்டு. புதுப்பக்கம் திறப்பது மட்டுமே தொடர்தொகுப்பு அல்ல. நான்கு வரியில் நிற்கும் பக்கத்தை நாற்பது வரியாக்குவதும், "இன்னாரின் மனைவி" என்று தொடங்கும் முதல் வாக்கியத்தை "இந்தப் பணி செய்தவர்" என்று மாற்றுவதும் அதே அளவு வேலை. கணவருடைய பக்கத்தைத் திறந்து பாருங்கள், "இன்னாரின் கணவர்" என்று அது தொடங்காது.

தமிழ் முதுகலை படித்தவள் என்ற மிதப்பில் இந்த வேலையில் நான் முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சத்தியவாணி முத்து பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். 'ஒப்பற்ற போராளி', 'தன்னிகரில்லாத் தலைவி', 'ஒடுக்கப்பட்டோரின் விடிவெள்ளி' என்று கை வந்தபடி அடைமொழிகள் போட்டேன். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் அவ்வளவையும் நீக்கிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கேயும் சாதியா என்று நான்கு பேருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொருவர் செய்த திருத்தமும் வரலாற்றுப் பகுதியில் அப்படியே இருக்கும், யாரும் பார்க்கலாம். ஆத்திரம் தணிந்த பிறகு அந்த மனிதரின் மற்றத் திருத்தங்களைப் பார்த்தேன். பெரிய பெரிய தலைவர்களின் பக்கங்களில் இருந்தும் அதே மாதிரி அடைமொழிகளை நீக்கிக்கொண்டிருந்தார். எல்லாச் சாதித் தலைவர்களுக்கும் ஒரே கத்தரி. நானோ ஒரு தேதியையோ ஒரு நூலையோ சான்றாகக் கொடுத்திருக்கவில்லை. எனவே மாணவிகளிடம் முதலில் சொன்னது இதுதான்: மேடையில் பேசுவது மாதிரி எழுதாதீர்கள். அவர் எந்த ஆண்டில் எந்த ஊரில் என்ன செய்தார் என்பதைச் சான்றோடு எழுதுங்கள். படிக்கிறவன் போராளி என்ற சொல்லைத் தானே சொல்லிக்கொள்வான்.

அதனால் சான்று தேடுவதுதான் கூட்டத்தின் பெரிய வேலை. கட்டுரை எழுத ஒரு மணி நேரம் போதும், சான்று தேட ஒரு வாரம் வேண்டும். இது தெரியாமல் பலர் கணினி அறையையும் மதியச் சாப்பாட்டையும் ஏற்பாடு செய்துவிட்டு, அன்று காலையில் கூகுளில் தேடத் தொடங்குகிறார்கள். மாலையில் ஒன்றும் தேறாது. ஒரு பெயருக்குக் குறைந்தது மூன்று நல்ல சான்றுகள், அதாவது நூல், நாளிதழ்ச் செய்தி, அரசு ஆவணம், ஆய்வேடு போன்றவை, கையில் வந்த பிறகே அந்தப் பெயரை மாணவியிடம் கொடுக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகள் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. தலித் இதழ்களுக்கு ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நல்ல வழிகாட்டி. 1869 முதல் 1943 வரை நம் ஆட்கள் நடத்திய இதழ்களின் வரலாறு அது. மராட்டியத்தில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் 1980களில் அம்பேத்கர் இயக்கப் பெண்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து நூலாக்கினார்கள். "நாங்களும் வரலாறு படைத்தோம்" என்பது அந்தத் தலைப்பின் பொருள். அந்த நூல் இல்லையென்றால் இன்று சுலோசனாபாய் போன்றவர்களைப் பற்றி நாம் எழுதச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

நூலிலிருந்து வரி வரியாக எடுத்து ஒட்டுவது கூடாது. செய்தி பொதுச்சொத்து, சொல்முறை எழுதியவரின் சொத்து. முதல் நாள் மதியம் இரண்டு மாணவிகளின் கட்டுரைகளில் எச்சரிக்கை வார்ப்புரு விழுந்ததற்கு இதுதான் காரணம். படமும் அப்படித்தான். முகநூலில் கிடைத்த படத்தை ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். ஆனால் பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையை நீங்களே படமெடுத்துப் போடலாம், அதற்கு நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டாம் நாள் நான்கு பேர் ஒரு சைக்கிளையும் ஒரு ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிச் சுற்றுவட்டாரத்தில் படம் எடுத்து வந்தார்கள். அன்றைய பொழுதில் மிக மகிழ்ச்சியாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

தட்டச்சு பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று பயந்தேன். இல்லை. பிள்ளைகள் குரலில் சொல்லி எழுத வைத்துவிட்டார்கள். போன் 'மீனாம்பாள்' என்பதை 'மீன் அம்பாள்' என்று இரண்டு முறை எழுதியது, அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் வந்தது சாதிக் கேள்வி. ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இவங்க சாதியைப் போடணுமா, வேணாமா?" அறை இரண்டாகப் பிரிந்தது. போட்டால் அந்த அடையாளத்துக்குள்ளேயே அவரைச் சுருக்குகிறோம் என்றாள் ஒருத்தி. போடாவிட்டால் எதை எதிர்த்து வந்தார் என்பதே தெரியாமல் போகும் என்றாள் இன்னொருத்தி. என் கருத்து இரண்டாமவளோடுதான். அரசியல் நிர்ணய சபையில் தாட்சாயணி பேசியதன் எடை, அவர் எங்கிருந்து வந்து அங்கே நின்றார் என்பதில் இருக்கிறது. ஆனால் விக்கிப்பீடியாவில் நம் கருத்து மட்டும் போதாது. சான்று அதைச் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அவரே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது நல்ல வழக்கம். 'கருக்கு' எழுதிய பாமா தன் வாழ்க்கையைத் தானே எழுதியவர், அங்கே கேள்வியே இல்லை. யாரோ ஒரு அலுவலரையோ விளையாட்டு வீராங்கனையையோ, அவர் வாயால் சொல்லாதபோது, பெருமைக்காகக்கூட நாம் அடையாளப்படுத்திவிடக் கூடாது. அதன் விலையை அவர் அலுவலகத்தில் கொடுக்க நேரும்.

மாணவிகள் தங்கள் சொந்தப் பெயரில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. பயனர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஊர், கல்லூரி, போன் எண் எதையும் பயனர் பக்கத்தில் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். சாதி பற்றி எழுதும் பெண்ணைத் தேடி இணையத்தில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாணவி தன் அப்பாயியின் பெயரையே பயனர் பெயராக வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடத் தெரியாத அந்த அம்மாளின் பெயரில் இப்போது பதினொரு திருத்தங்கள் பதிவாகியிருக்கின்றன.

அந்த அப்பாயியிடம்தான் எங்கள் கூட்டம் முட்டி நின்றது.

கீழத்தஞ்சையின் வரலாற்றில் பெண்கள் இல்லாத பக்கமே கிடையாது. அவர்களின் பெயர்கள்தான் இல்லை. மணலூர் மணியம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையாகி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு நம் சேரிகளுக்குள் வந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியவர். 1953இல் மறைந்தார். ராஜம் கிருஷ்ணன் அவரைத் தேடிவந்து 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். அதனால் அவருக்கு நூல் இருக்கிறது, சான்று இருக்கிறது, எழுதலாம். அந்த அம்மாளின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் கூப்பிட்டபோது அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போன பெண்கள் யார்?

வெண்மணியும் அப்படித்தான். 1968 டிசம்பர் 25 இரவு, அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்ட போராட்டத்துக்குப் பழிவாங்க, ராமையாவின் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விக்கிப்பீடியாவில் வெண்மணிக்குப் பக்கம் உண்டு. அதற்கான சான்றுகளிலும் ஒரு பெண்ணின் கை இருக்கிறது. படுகொலைக்குப் பின் அந்த மண்ணுக்கு வந்து விசாரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் மைதிலி சிவராமன். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. கொல்லப்பட்டவர்களின் பெயர்களாவது நினைவிடத்தில் இருக்கின்றன. போராட்டத்தில் நின்று, பிழைத்து, பிள்ளை வளர்த்து, நடவு நட்டுச் செத்துப்போன பெண்களின் பெயர்கள் அதிலும் இல்லை.

பிறகு காந்தியவாதியான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இந்தப் பகுதிக்கு வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1981இல் 'லாஃப்டி' என்ற அமைப்பைக் கணவரோடு சேர்ந்து தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தார். 2008இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண். அவருக்குப் பக்கம் இருக்கிறது. நிலம் வாங்கிய பெண்களின் பெயர்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தின் ஏட்டில் இருக்கின்றன.

பயனர் பெயர் வைத்த அந்த மாணவி முதல் நாள் இரவு வீட்டுக்குப் போய், அப்பாயியை உட்கார வைத்து, அப்பாவின் போனில் 52 நிமிடம் பதிவு செய்து வந்தாள். நடவுக்குப் போகாமல் மறித்து நின்றது, போலீஸ் வந்தபோது முன்னால் நின்ற ஆறு பெண்களின் பெயர்கள், யார் சிறைக்குப் போனது, யாருக்குச் சிறையில் குழந்தை பிறந்தது என எல்லாம் அதில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பலர் அழுதுவிட்டோம். "இதை அடிக்குறிப்பாப் போடலாமா அக்கா?" என்றாள்.

போட முடியாது. வெளியான, பிறர் சரிபார்க்கக்கூடிய சான்றையே விக்கிப்பீடியா ஏற்கும். அப்பாயி சொன்னதை நாம் நேரடியாகக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அது நம் சொந்த ஆய்வு ஆகிவிடும். இதை அவளிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. இந்த விதி யாரைப் பாதுகாக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் போய், புத்தகத்தில் ஏறாத அறிவை வாய்மொழியாகப் பதிவு செய்து, அதையே சான்றாக வைக்கலாமே என்று கேட்டு ஒரு ஆவணப்படமே எடுத்தார். விவாதம் நடந்தது, விதி மாறவில்லை. எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்தவர்களிடம், எழுதியது எங்கே என்று கேட்கும் விதி அது. ஆனால் அதே விதிதான் தங்கள் சாதியின் முன்னோர் எல்லாரும் மன்னர்கள் என்று கதை கட்டி ஏற்றுகிறவர்களையும் தடுக்கிறது. நமக்காக விதியைத் தளர்த்தினால் முதலில் உள்ளே வருகிறவர்கள் நாமாக இருக்க மாட்டோம். இதில் என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாணவிகள் என்னை விடத் தெளிவாக இருந்தார்கள். "அப்போ முதல்ல அச்சுல ஏத்துவோம்" என்றாள் தமிழ்த்துறை மாணவி ஒருத்தி. அவள் சொன்னதுதான் வழி. வாய்மொழியாகக் கேட்டதை நாள், இடம், சொன்னவரின் ஒப்புதல் எல்லாம் குறித்து எழுத்தாக்க வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். பழைய செய்தியிலும் நீதிமன்ற ஏட்டிலும் தேடிப் பார்க்க வேண்டும். பிறகு அது முதுகலை ஆய்வேடாகவோ, சிற்றிதழ்க் கட்டுரையாகவோ, நூலாகவோ வெளிவர வேண்டும். அப்போது அது சான்று. மாவட்டச் செய்தித்தாளின் பத்தியும் சான்றுதான். அதனால்தான் இந்தப் பத்தியில் ஒரு பெயரையோ ஆண்டையோ போடும்போது எனக்குக் கை நடுங்குகிறது. நாளைக்கு ஒரு பிள்ளை இதை நம்பி அடிக்குறிப்பில் போடுவாள். நானே எழுதிவிட்டு நானே அதை விக்கிப்பீடியாவில் சான்றாக வைப்பது முறையல்ல, அதை வேறொருவர் செய்ய வேண்டும்.

அப்பாயியின் பெயரையும் அந்த ஆறு பெண்களின் பெயர்களையும் இங்கே நான் எழுதாததற்கும் அதுதான் காரணம். அவர்களில் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் நேரில் போய்க் கேட்கவில்லை.

இரண்டு நாளில் முடிந்தவை ஆறு கட்டுரைகள், விரிவாக்கியவை ஒன்பது. முக்தா சால்வே எழுதிய மாணவி மணல்தொட்டியிலேயே, அதாவது பயிற்சிப் பக்கத்திலேயே, இன்னும் வைத்திருக்கிறாள், ஒரு ஆண்டு சரியாக ஒத்துவரவில்லை என்கிறாள். இரண்டு கட்டுரைகளில் 'சான்று தேவை' என்ற குறி விழுந்திருக்கிறது. ஒரு பேச்சுப் பக்கத்தில் யாரோ ஒருவர், "நல்ல தொடக்கம், இந்த நூலையும் பாருங்கள்" என்று எழுதிப் போயிருக்கிறார். அதைப் படித்த மாணவி நாள் முழுக்க அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நடத்த விரும்புகிற கல்லூரி ஆசிரியர்களுக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும் ஒன்று சொல்வேன். பெரிய செலவு இதில் இல்லை. எங்களுக்கு ஆனது சாப்பாடு, தேநீர், நகல் எடுத்தது, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம், அவ்வளவுதான். ஐம்பது பேரைக் கூட்டாதீர்கள், பதினைந்து போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்று ஒரு பொதுப்பக்கம் இருக்கிறது. அங்கே முன்கூட்டியே எழுதுங்கள், உதவிக்கு ஆள் வருவார்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு முதல் இருக்கையில் கணினி கொடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு மாதம் ஒருமுறையாவது கூடுங்கள், இல்லையென்றால் பத்தாம் நாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நாங்கள் இப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறோம்.

வருகிற சனிக்கிழமை கணினி அறை இல்லை. ஏழு பேர் தஞ்சாவூருக்குப் போகிறோம், நூலகத்தில் 1960களின் நாளிதழ்க் கட்டுகளைப் பார்க்க. அந்த ஆறு பேர் கைதான செய்தி ஒரு மூலையிலாவது வந்திருக்கும் என்பது அப்பாயியின் நம்பிக்கை. மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை என்று மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.